5 லட்சம் ரூபாய் அட்டை ஏன் தெருமுனை கிளினிக்கில் செல்லாது?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில இருக்கா? குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அந்த அட்டையை எடுத்துக்கிட்டு உங்க தெருமுனை கிளினிக்குக்குப் போய், "டாக்டர், பி.பி. பார்க்கணும், அட்டை இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. பாவம், அவரு சிரிப்பாரு.

ஹார்ட் அட்டாக் வந்தா அட்டை செல்லும். கிட்னி போயிடுச்சுன்னா செல்லும். சுகர்ல கால் அழுகி எடுக்கணும்னா செல்லும். இது எதுவும் வராம பார்த்துக்கணும்னா செல்லாது.

இந்த த்ரெட் அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். திட்டணும்னு நினைக்கிறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் காப்பீட்டுத் திட்டத்துக்கு எதிரி இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீடு, 2012-ல் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, 2018-ல் அதோட பிரதமர் திட்டமும் இணைஞ்சது. ஆட்சி மாறியும் நிக்காம ஓடின திட்டங்கள் நம்ம ஊர்ல கம்மி, இது அதுல ஒண்ணு. இந்த அட்டை இல்லைன்னா ஸ்டென்ட் வைக்க தாலியை அடகு வெச்சிருக்க வேண்டிய குடும்பங்களை வார்டுல தினமும் பார்க்கிறேன். காப்பீட்டுக் கவுன்டருக்கு அனுப்புற ஃபார்ம்ல என் கையெழுத்தும் இருக்கு. அரசு ஆஸ்பத்திரிக்கு வர்ற காப்பீட்டுப் பணத்துல ஒரு பங்கு எங்களுக்கு ஊக்கத்தொகையாவும் வருது. அதனால வெளியில நின்னு கல் எறியறேன்னு நினைக்காதீங்க, உள்ளே இருந்துதான் பேசறேன்.

இந்தத் திட்டத்துக்கு உங்க உடம்பு ஆஸ்பத்திரி கட்டில்ல ஏறின பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். சில பெரிய ஸ்கேன், பரிசோதனைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பிரதமர் திட்டத்துல அட்மிஷனுக்கு முன்னாடி 3 நாள், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாள் செலவையும் சேர்த்துக்கறாங்க. நல்லது. ஆனா சுகர் ஒருத்தர் உடம்புல 20 வருஷம் குடியிருக்கு. அதுல இந்த 3 நாளும் 15 நாளும் எந்த மூலைக்கு?

டயாலிசிஸ் யூனிட்ல படுத்திருக்கிறவங்ககிட்ட பின்னோக்கிக் கேட்டுக்கிட்டே போனா, கதை கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கும். 38 வயசுல ஏதோ முகாம்ல பி.பி. அதிகம்னு சொன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. ஒரு மாசம் போட்டாரு. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை, "நல்லாத்தானே இருக்கேன்"னு விட்டுட்டாரு. பி.பி.யோட வேலையே அதுதான், சத்தம் போடாது. நடுவுல முட்டி வலி. மெடிக்கல்ல போய் "ஒரு செட் குடுங்க"ன்னு வாங்கிப் போட்டாரு. அந்த செட்ல ஒரு டைக்ளோஃபினாக், சில நேரம் ஒரு ஸ்டீராய்டு. வலி போச்சு. அடுத்த வாரமும் வாங்கினாரு. இப்படி ஏழெட்டு வருஷம். அப்புறம் காலு வீங்குது, மூச்சு வாங்குது. எங்ககிட்ட வரும்போது கிரியாட்டினின் 9.

இந்த ஏழெட்டு வருஷத்துல அட்டை என்ன செஞ்சுது? ஒண்ணும் செய்யலை. பீரோவுக்குள்ள தூங்குச்சு. கிரியாட்டினின் 9 ஆனதும் கண் முழிச்சுது. இப்ப கையில ஃபிஸ்டுலா போட, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை டயாலிசிஸ் பண்ண, வருஷா வருஷம் பணம் கட்டுது. சும்மா இல்லைங்க, உங்க வரிப் பணம். மனுஷன் வேலைக்குப் போக முடியாது. கூட வர்ற பொண்டாட்டியும் போக முடியாது. பையன் படிப்பை விட்டுட்டு ஏதோ கடையில நிக்கிறான். இதுக்கெல்லாம் எந்த அட்டையும் இல்லை.

"ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாத்தானே மாத்திரை தர்றாங்க, ஏன் போகலை?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். நியாயமான கேள்விதான். மாத்திரை விஷயத்துல தமிழ்நாட்டைக் குறை சொல்ல மாட்டேன். 1990-கள்ல ஆரம்பிச்ச மருத்துவப் பணிகள் கழகம், அதாவது டி.என்.எம்.எஸ்.சி., மொத்தமா டெண்டர் விட்டு மருந்து வாங்கி, பரிசோதிச்சு, ஊர் ஊரா கிடங்கு வெச்சு அனுப்புது. மத்த மாநிலக்காரங்க வந்து பார்த்துட்டுப் போற அமைப்பு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சு, சுகர், பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. 2023-லேர்ந்து நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறந்து சாயங்கால ஓ.பி.யும் நடக்குது. எல்லாம் சரியான திசையில வெச்ச அடிகள்.

ஆனா மாத்திரை கிடைக்கிறதும் நோய் கட்டுக்குள் இருக்கிறதும் ஒண்ணு இல்லை. 2020-ல் தமிழ்நாட்டுல எடுத்த ஸ்டெப்ஸ் சர்வேயில, பி.பி. உள்ளவங்கள்ல 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள்ள இருந்தது. சுகர்ல 10.8 சதவீதம். மக்களைத் தேடி மருத்துவத்துக்கு முந்தைய கணக்குதான், அதுக்கப்புறம் நிலைமை மேல வந்திருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா அப்பவும் மாத்திரை இலவசமாத்தான் இருந்தது.

ஏன் கட்டுக்குள் வரலை? ஒரு சின்ன உதாரணம். எனலாப்ரில்னு ஒரு மாத்திரை. விலை கம்மி. சுகரும் பி.பி.யும் சேர்ந்து சிறுநீர்ல புரதம் போக ஆரம்பிச்சவங்களுக்கு கிட்னியைக் காப்பாத்தித் தர்ற மாத்திரைகள்ல ஒண்ணு. ஆனா எழுதிக் குடுத்தா வேலை முடியலை. ரெண்டு வாரத்துல கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கணும். டோஸ் ஏத்தணும். சிலருக்கு வறட்டு இருமல் வரும். "இது அந்த மாத்திரையாலதான், பயப்படாதீங்க, வேற மாத்தித் தர்றேன்"னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இல்லைன்னா என்ன நடக்கும்? இருமலுக்கு மெடிக்கல்ல சிரப். சரியாகலைன்னா இன்னொரு சிரப். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா, "அந்த கவர்மென்ட் மாத்திரை உனக்கு ஒத்துக்கலைடி, நிறுத்திடு"ன்னு சொல்லுவாங்க. கதை முடிஞ்சது.

வீட்டு வாசலுக்கு வர்ற தன்னார்வலர் அக்கா பி.பி. பார்ப்பாங்க, மாத்திரை குடுப்பாங்க. வெயில்ல அலையற அவங்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா டோஸ் மாத்தறது அவங்க வேலை இல்லை. அதுக்கு உங்களைத் தெரிஞ்ச ஒரு டாக்டர் வேணும். போன மாசம் பார்த்தவர், அடுத்த மாசமும் இருக்கப் போறவர்.

அது எங்க ஓ.பி.யில நடக்காதா? கணக்கு போடுங்க. காலையில 9 மணியிலேர்ந்து 1 மணி வரை 4 மணி நேரம். 240 நிமிஷம். வாசல்ல 200 பேர். ஒருத்தருக்கு 72 செகண்ட். சீட்டை வாங்கி, பேரைப் படிச்சு, பி.பி. பட்டையைச் சுத்தறதுக்குள்ள அது முடிஞ்சிடும். இன்னைக்கு நான், அடுத்த தடவை வேற டாக்டர், அதுக்கடுத்து ஹவுஸ் சர்ஜன் தம்பி. பழைய சீட்டு தொலைஞ்சிருந்தா மறுபடி முதல்லேர்ந்து. இதுல "உப்பு குறைங்க"ன்னு சொல்லத்தான் முடியும். வீட்டில யார் சமைக்கிறாங்க, ராத்திரி ஷிப்டா, குடிக்கிறாரா, மருமக கிட்ட சண்டையில சாப்பாட்டை விட்டுட்டு சுகர் மாத்திரையை மட்டும் போடறாங்களான்னு எப்படித் தெரியும்?

அப்புறம் கூலி. தினக்கூலிக்குப் போறவங்களுக்கு காலை ஓ.பி.ன்னா அன்னிக்குச் சம்பளம் போச்சு. அவங்களுக்கு அது இலவச சிகிச்சை இல்லை, ஒரு நாள் கூலி விலை உள்ள சிகிச்சை. அதனாலதான் சாயங்காலம் 7 மணிக்கு மேல, வேலை முடிஞ்சு வந்து, கிளினிக்குக்குப் போறாங்க. ஃபீஸ், மாத்திரை, டெஸ்ட் எல்லாம் கைக்காசு. அதுவும் இல்லாதவங்க மெடிக்கல். அதுக்கும் கீழ, எது வந்தாலும் ஒரு ஊசி, ஒரு பாட்டில் ஏத்தற போலி டாக்டர். நாட்டு மொத்த மருத்துவச் செலவுல மக்கள் கையிலேர்ந்து நேரடியா போறது 2021-22-ல் 39.4 சதவீதம்னு மத்திய அரசோட கணக்கே சொல்லுது. முன்னைவிடக் குறைவுதான். ஆனா அதுல பெரும் பங்கு ஆபரேஷன் செலவு இல்லை. ஓ.பி.யும் மாத்திரையும்தான் அரிச்சுத் தின்னுது. காப்பீடு அங்க எட்டிக்கூடப் பார்க்கலை.

"கைராசி டாக்டர்"னு நம்ம ஊர்ல ஒரு வார்த்தை உண்டு. எங்க பேட்ச்ல அதைக் கேட்டா சிரிப்போம். இப்ப யோசிச்சா அதுல ஒரு உண்மை இருக்கு. அந்த டாக்டருக்கு உங்க அப்பாவுக்கு எப்ப அட்டாக் வந்துதுன்னு தெரியும். உங்களுக்கு எந்த மருந்து அலர்ஜின்னு தெரியும். நீங்க பயந்த சுபாவமா, பொறுத்துப் பொறுத்து முத்தின பிறகு வர்ற ஆளான்னு தெரியும். கம்பவுண்டர் கலக்கிக் குடுத்த சிவப்பு மிக்சர்ல ஒண்ணும் இல்லை, அந்தத் தெரிஞ்சு வெச்சிருக்கிறதுலதான் பாதி வைத்தியம் இருந்தது. கைராசின்னு நீங்க சொன்னதை எங்க பாடப்புத்தகம் தொடர் கவனிப்புன்னு சொல்லுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த டாக்டரை என்ன செஞ்சோம்? வியாசர்பாடி 5 ரூபாய் டாக்டர் திருவேங்கடம் 2020 ஆகஸ்ட்ல இறந்தப்போ எல்லாரும் அஞ்சலி போஸ்ட் போட்டோம். அமைச்சர்லேர்ந்து மீம் பேஜ் வரைக்கும். சினிமாவுல 5 ரூபாய் டாக்டர் வந்தா விசில் அடிக்கிறோம். பெரிய மனுஷர், சந்தேகமே இல்லை. ஆனா ஒரு ஏரியாவோட முதல் நிலை மருத்துவம் மொத்தமும் ஒரு தனி மனுஷரோட நல்ல மனசு மேல நின்னுதே, அது நமக்கு வெட்கமா இல்லையா? 5 ரூபாய்ல வாடகை கட்ட முடியுமா? நர்ஸுக்குச் சம்பளம்? தியாகம் பண்ணுங்கன்னு 28 வயசு டாக்டர்கிட்ட சொல்றதுக்குப் பேர் சுகாதாரக் கொள்கை இல்லை.

அந்த 28 வயசுப் பையனோ பொண்ணோ என்ன பண்றாங்க? எம்பிபிஎஸ் முடிச்சதும் கேட்கிற முதல் கேள்வியே "அப்புறம் என்ன ஸ்பெஷலிஸ்ட்?" வெறும் எம்பிபிஎஸ்னா கல்யாணச் சந்தையில கூட மதிப்பு இல்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், நானும் வெறும் எம்பிபிஎஸ்தான், சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் போனா தெரியும். அதனால வருஷக்கணக்கா ரூமைப் பூட்டிக்கிட்டு நீட் பி.ஜி.க்குப் படிக்கிறாங்க. குடும்ப மருத்துவத்துக்குன்னே பட்டமேற்படிப்பு இருக்குன்னு பொதுமக்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, என்ன பண்ணணும்?

காப்பீட்டு அட்டை தெருமுனை கிளினிக்கிலும் செல்லணும். ஆனா ஊசிக்கு இவ்வளவு, விசிட்டுக்கு இவ்வளவுன்னு இல்லை. அப்படிக் குடுத்தா ஒரு காய்ச்சலுக்கு அஞ்சு விசிட் எழுதுவாங்க. தலைக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு குடுக்கணும். ஒரு குடும்பம் ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிவு பண்ணும். அந்த டாக்டருக்கு மாசா மாசம் பணம் வந்துடும், அவங்க வந்தாலும் வராட்டியும். அவங்க நல்லா இருந்தா டாக்டருக்கு வேலை மிச்சம். இன்னைக்கு உள்ள அமைப்புல உங்க நோய் முத்தினாத்தான் எல்லாருக்கும் வருமானம். அது அப்படியே தலைகீழா மாறும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்துல 1948-லேர்ந்து ஜி.பி.க்கள் பெரும்பாலும் தனி கிளினிக் நடத்துறவங்கதான், அரசுப் பணம் அவங்க லிஸ்ட்ல உள்ள தலைக் கணக்குல போகுது. தாய்லாந்துல 2002-ல் 30 பாட் திட்டம்னு கொண்டு வந்து, பக்கத்துல இருக்கிற முதல் நிலை மையத்துல பதிவு பண்ண வெச்சு, தலைக்கு இவ்வளவுன்னு குடுத்தாங்க. வெளிநாட்டுக் கதை வேண்டாமா? நம்ம இ.எஸ்.ஐ.யிலயே மேற்கு வங்காளம், மகாராஷ்டிரம் மாதிரி மாநிலங்கள்ல தெரு கிளினிக் டாக்டர்களையே பேனல் டாக்டரா எடுத்துக்கிட்ட முறை உண்டு. அட, சென்னையிலயே டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் வி.எச்.எஸ். ஆரம்பிச்சப்போ, குடும்பம் தன் வருமானத்துக்குத் தக்கபடி சந்தா கட்டிச் சேர்ற திட்டம் வெச்சாரு. நோய் வந்த பிறகு பில் போடறதை விட, நல்லா இருக்கும்போதே பார்த்துக்கறது லாபம்னு அப்பவே சொன்ன ஊர் இது.

என் மனக்கணக்கு ஒண்ணு. இது சும்மா உதாரணம்தான். ஒரு கிளினிக்ல 3,000 பேர் பதிவு. தலைக்கு வருஷத்துக்கு 400 ரூபாய். 12 லட்சம், அதாவது மாசத்துக்கு 1 லட்சம். இதுல வாடகை, ஒரு நர்ஸ், கரண்ட் பில் போக டாக்டருக்கும் ஒரு நியாயமான தொகை நிக்கும். மாத்திரையும் அடிப்படை ரத்தப் பரிசோதனையும் டி.என்.எம்.எஸ்.சி., அரசு லேப் வழியா வரணும், கிளினிக் அதை விக்கக் கூடாது. 400 போதாதுன்னா 600 ஆக்குங்க. அந்த விவாதத்தை அரசு உட்கார்ந்து பண்ணட்டும், ஆனா பண்ணணும்.

இப்ப திட்டறவங்க முறை.

"இது தனியார்மயம்." சாயங்காலக் காய்ச்சல் ஏற்கெனவே தனியார்கிட்டதான் போகுது, ஏழையோட கைக்காசுல போகுது. காப்பீட்டுத் திட்டத்துல பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பல வருஷமா அரசுப் பணம் போகுது, அப்ப இந்தக் கோபம் எங்க போச்சு? கார்ப்பரேட்டுக்குப் போனா திட்டம், தெரு டாக்டருக்குப் போனா தனியார்மயமா? அதோட ஒண்ணு தெளிவா சொல்றேன், ஆரம்ப சுகாதார நிலையத்து நிதியில கை வெச்சு இதைச் செய்யக் கூடாது. அங்க டாக்டர் போஸ்டிங் காலியா இருந்தா அதை நிரப்பறதுதான் முதல் வேலை.

"மோசடி நடக்கும்." நடக்கும்தான். பிரதமர் திட்டத்துல 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள் ஒரே மொபைல் நம்பர்ல பதிவாகியிருந்ததுன்னு 2023-ல் சி.ஏ.ஜி. அறிக்கை சொல்லுச்சு. தலைக் கணக்குலயும் பொய்ப் பேர் சேர்ப்பாங்க. இன்னொரு ஆபத்தும் இருக்கு, பணத்தை வாங்கிட்டு எல்லாரையும் ஜி.எச்.சுக்குத் தள்ளி விடுவாங்க. இதுதான் இந்த முறையோட பெரிய ஓட்டை, மறைக்க மாட்டேன். அதனால டாக்டரை மாத்திக்கிற உரிமை மக்கள் கையில இருக்கணும். ஆள் போனா அவங்க பங்குப் பணமும் கூடவே போகும். எத்தனை பேருக்கு பி.பி. கட்டுக்குள்ள இருக்குங்கிற கணக்கை கிளினிக் வாசல்ல எழுதி ஒட்டச் சொல்லணும்.

"பணம் லேட்டா வரும்." இது என் டாக்டர் நண்பர்களோட பயம், சரியான பயம். க்ளெய்ம் போட்டு, கேள்வி கேட்டு, ஆறு மாசம் கழிச்சுப் பாதியை வெட்டித் தர்ற வேலை சின்ன கிளினிக்ல ஓடாது. ரெண்டு மாசம் தாமதம் ஆனா வாடகை கட்ட முடியாம மூடிடுவாரு. அதனால முன்பணமா, மாசம் பிறந்ததும், நடுவுல கம்பெனி எதுவும் இல்லாம நேரா அவர் கணக்குக்குப் போகணும்.

கடைசியா என் ஆளுங்களுக்குப் பிடிக்காத ஒண்ணு. காலையில அரசு ஓ.பி.யில உட்கார்ந்துட்டு சாயங்காலம் சொந்த கிளினிக் நடத்துற எங்களை இந்தத் திட்டத்துல சேர்க்கக் கூடாது. சேர்த்தா காலையில 72 செகண்ட்ல பார்த்துட்டு, "சாயங்காலம் வாங்க, அங்க நிதானமா பார்க்கலாம்"னு சொல்ற வசதி எங்களுக்கு வந்துடும். மனுஷங்கதானே நாங்களும். சங்கத்துல யாராவது இதுக்காக என்னைக் கூப்பிட்டுத் திட்டினா, இந்தப் பத்தியையே மறுபடி அனுப்பறேன்.

இதை ஏன் எந்தக் கட்சியும் பேச மாட்டேங்குது? 5 லட்சம்னு அட்டையில படம் போட்டுக் குடுக்கலாம். இதய ஆபரேஷன் முடிஞ்ச குழந்தையோட மேடையில நிக்கலாம். வராத பக்கவாதத்தோட எப்படி ஃபோட்டோ எடுக்கறது? 2020 டிசம்பர்ல 2,000 அம்மா மினி கிளினிக் திறந்தாங்க. தற்காலிக டாக்டர்கள். ஒரு வருஷம் கழிச்சு, ஆட்சி மாறி, மூடினாங்க. திறந்தவங்களுக்கும் மூடினவங்களுக்கும் அது ஒரு போர்டு. அந்த டாக்டரைப் பார்த்துப் பழகி, மாத்திரையை ஒழுங்கா போட ஆரம்பிச்ச கிழவிக்குத்தான் அது ஒரு ஆள். அந்தம்மா அதுக்கப்புறம் எங்க போனாங்கன்னு யாரும் கணக்கு எடுக்கலை.

"நீங்க ஏன் கிளினிக் போடலை?"ன்னு கமென்ட் வரும். அரசு வேலையில இருக்கேன், அதனால போடலை. மாசா மாசம் ஒழுங்கா தலைக் கணக்குப் பணம் வருதுன்னு அரசாணை வரட்டும், வேலையை விட்டுட்டு ஒரு கிளினிக் போட என்னை மாதிரி நிறைய பேர் தயாரா இருக்கோம்.

அது வர்ற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது: பி.பி., சுகர் இருந்தா ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. ஒவ்வொரு தடவையும் பி.பி., சுகர், கிரியாட்டினின், மாத்திரை பேரு, டோஸ் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் அதையே நீட்டுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீர்ல புரதம் பார்க்கச் சொல்லுங்க, பாதத்தைக் காட்டுங்க, கண்ணைக் காட்டுங்க. மாத்திரை ஒத்துக்கலைன்னா நிறுத்தாதீங்க, மாத்தச் சொல்லுங்க. வலிக்கு செட் மாத்திரை வாங்காதீங்க. காலையில வர முடியாதவங்க பக்கத்து நகர்ப்புற நலவாழ்வு மையத்துல சாயங்கால ஓ.பி. எத்தனை மணிக்குன்னு கேட்டுக்கோங்க. ஏதாவது சந்தேகம்னா 104-க்கு ஃபோன் பண்ணுங்க.